140 டயருக்கு இடம் எங்கே இருக்கிறது?

கேள்வி: அண்ணன், நான் தம்பிலுவிலிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் பழைய ஹொண்டா சிடி 125 ஒன்று இருக்கிறது. மட்காட்டை வெட்டி, செயின் கவரைக் கழற்றி, ஒற்றை சீட் போட்டு பொபர் மாதிரிச் செய்திருக்கிறேன். பின் டயர் மெலிவாகத் தெரிந்தது. அதனால் 150 சிசி இந்திய பைக் ஒன்றின் பின் அலோய் சில்லை, டிஸ்க்கோடும் 140/60-17 டயரோடும் பழைய சாமான் கடையில் வாங்கினேன். கராஜில் வலப்பக்க சுவிங் ஆம் (பின் சில்லைத் தாங்கும் இரும்புக் கை) டயர் வரும் இடத்தில் இடிக்கும் என்று அதை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் பண்ணினார்கள். சில்லை வலப்பக்கம் 10 மில்லிமீற்றர் தள்ளி, செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிரொக்கட்டை வாசர் அடுக்கி 8 மில்லிமீற்றர் வெளியே எடுத்துப் பூட்டித் தந்தார்கள். இப்போது 50 தாண்டினால் பின்பக்கம் ஆடுகிறது. கையைத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறது. கோமாரிப் பக்கம் போகும்போது செயின் கழன்றுவிட்டது. இடைக்கிடை செயின் டயரில் உரசும் சத்தமும் வருகிறது. இதை எப்படிச் சரியாக்கலாம்? பொலிஸ் பிரச்சினை ஏதும் வருமா? அளவுகளும் படங்களும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பி,

முதல் வேலையாக அந்த பைக்கை ஓடுவதை நிறுத்துங்கள். ஆட்டத்துக்காகச் சொல்லவில்லை, செயினுக்காகவும் சொல்லவில்லை. நீங்கள் கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்று இரண்டாவது படத்தில் தெரிகிறது. கலிப்பர் பிரக்கட்டை மெல்லிய பட்டை இரும்பு ஒன்றால் ஆமோடு பிடித்து, ஒரு சின்னப் போல்ட் போட்டிருக்கிறார்கள்.

பின் பிரேக்கை மிதித்ததும் கலிப்பர் டிஸ்க்கைக் கவ்வும். டிஸ்க் சுழன்றுகொண்டிருப்பதால் கலிப்பரையும் தன்னோடு இழுத்துச் சுற்றப் பார்க்கும். அதை மறித்து நிற்பது பிரக்கட் ஆமோடு பிணையும் அந்த ஓர் இடம் மட்டுந்தான். கம்பனி வண்டியில் அந்த இடத்தில் ஆமோடு சேர்த்தே கனமான ஒரு கட்டை வைத்து, பிரக்கட் அதில் இறுக்கமாகப் போய் உட்காரும்படி செய்திருப்பார்கள். சில வண்டிகளில் நல்ல தடிப்பான டோர்க் ரொட் இருக்கும். உங்களுடையதில் அந்த வேலையைப் பட்டை இரும்பு செய்கிறது. வழமையான மிதியில் அது தாங்கும். மாடு ஒன்று குறுக்கே வந்து நீங்கள் ஓங்கி மிதிக்கும் நாளில் பட்டை வளையும், அல்லது போல்ட் அறும். கலிப்பர் டிஸ்க்கோடு சுற்றிப் போய் ஆமில் மோதும், பிரேக் ஹோஸ் அறும், சில்லு அப்படியே பூட்டிக்கொள்ளும். உங்கள் பழைய டிரம் பிரேக்கிலும் இதே கதைதான். பிரேக் பிளேட்டிலிருந்து ஆமுக்குப் போகும் அந்தத் தண்டைச் சும்மா வைக்கவில்லை. ‘அதைக் கழற்றினால் பார்க்க வடிவாயிருக்கும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். நீங்கள் தந்த அளவுகள் நல்ல அளவுகள். கராஜ்காரர் வேலை தொடங்க முன் அவற்றை எடுத்திருந்தால் இந்தச் சில்லை வாங்கவே தேவை வந்திராது.

பின் சில்லை மாற்ற நினைக்கும் எல்லோரும் டயரின் அகலத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் இன்ஜினிலிருந்து வெளியே வரும் முன் ஸ்பிரொக்கட். அது எங்கே நிற்கிறதோ அங்கேதான் செயின் ஓடும். செயின் எங்கே ஓடுகிறதோ அதற்கு உள்ளே மிஞ்சுகிற இடந்தான் டயருக்கு. பைக்கின் நடுக்கோட்டிலிருந்து செயினின் நடுவுக்கு 65 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் 428 செயின், பின்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 18 மில்லிமீற்றர் அகலம். அதில் பாதி 9. ஆக நடுக்கோட்டிலிருந்து செயினின் உள்விளிம்பு 56 மில்லிமீற்றர். 140 டயர் என்றால் அகலம் 140 மில்லிமீற்றர், அதில் பாதி 70. செயின் ஓடும் இடத்துக்குள் டயர் 14 மில்லிமீற்றர் புகுந்து நிற்கிறது. வாசர் போட்டோ வெல்டிங் பண்ணியோ தீர்க்கிற கணக்கு இல்லை இது.

கராஜில் செய்தது இந்த 14 மில்லிமீற்றரை இரண்டாகப் பிரித்ததுதான். சில்லை வலப்பக்கம் தள்ளியதில் 10 கிடைத்தது. ஸ்பிரொக்கட்டை வெளியே எடுத்ததில் 8 கிடைத்தது. மொத்தம் 18, அதில் 14 போக 4 மில்லிமீற்றர் மிச்சம். கடதாசியில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 4 மில்லிமீற்றர் பின் ஸ்பிரொக்கட்டுக்குப் பக்கத்தில் மட்டுந்தான் இருக்கும். முன் ஸ்பிரொக்கட் பழைய இடத்திலேயே நிற்பதால் செயின் பின்னாலிருந்து முன்னுக்குச் சரிந்து உள்ளே வருகிறது. டயரின் அகலமான பகுதியைக் கடக்கிற இடத்தில் ஒரு மில்லிமீற்றர்கூட மிஞ்சாது. குழியில் விழுந்து செயின் ஒருக்கால் உதறினால் உரசும். நீங்கள் கேட்கிற சத்தம் அதுதான். செயின் கழன்றதற்கும் காரணம் அதே சரிவுதான். செயின் முன்பின்னாக மடியும், பக்கவாட்டில் அவ்வளவாக வளையாது. ஸ்பிரொக்கட் பல்லைத் தொட்டுப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் மினுங்கித் தேய்ந்திருக்கும்.

இழுக்கிறது என்று எழுதியது 10 மில்லிமீற்றரின் வேலை. முன் சில்லு ஒரு தடத்திலும் பின் சில்லு இன்னொரு தடத்திலும் போகிறது. ஓரிரு மில்லிமீற்றர் விலகினால் ஓடுபவருக்கு விளங்காது, 10 மில்லிமீற்றர் நன்றாகவே விளங்கும். ஆட்டத்துக்கு இதோடு வேறு இரண்டு காரணங்களும் இருக்கலாம். ஒன்று வெட்டிய ஆம். மற்றது பெயாரிங். பெயாரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு வண்டிச் சில்லுப் போடுகிற பத்தில் ஒன்பது பேர் தவறுகிற இடம் அது.

உங்கள் அக்சில், அதாவது சில்லின் நடுவே போகும் தண்டு, 12 மில்லிமீற்றர், வந்த சில்லின் பெயாரிங் துளை 15 என்று எழுதியிருக்கிறீர்கள். இடையில் என்ன வைத்தார்கள் என்று எழுதவில்லை. தகரத்தைச் சுருட்டி வைத்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். இதைச் சரியாகச் செய்கிற வழி லேத்தில் உருக்குப் புஷ் கடைவது. உள்ளே 12, வெளியே 15, இரண்டிலும் ஆட்டம் இல்லாமல், பெயாரிங்கின் உள்வளையத்தில் விளிம்பு போய் நிற்கும்படி கடைய வேண்டும். அதைவிட முக்கியம், இரண்டு பெயாரிங்குக்கும் நடுவே ஹப்புக்குள் (சில்லின் நடுக்குடத்துக்குள்) இருக்கும் குழாய். பழைய சில்லுக் கடையில் வாங்கும்போது பெரும்பாலும் தொலைந்துபோவது அதுதான், வெளியில் தெரியாததால் யாரும் தேடவும் மாட்டார்கள். அந்தக் குழாய் இல்லாமலோ ஒரு மில்லிமீற்றர் குறைந்தோ இருந்தால், அக்சில் நட்டை இறுக்கும்போது பெயாரிங்குகளின் உள்வளையங்கள் இரண்டும் உள்ளே நெரிபடும். பெயாரிங் சூடாகி, கொஞ்ச நாளில் உடையும்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்பனரைத் தவிர வேறு ஆயுதம் தேவையில்லை. செயினைக் கழற்றிவிட்டு, பிரேக் உரசாமல் பார்த்துக்கொண்டு, அக்சில் நட்டைக் கையால் மட்டும் திருகி, சில்லைச் சுழற்றிவிடுங்கள். எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பாருங்கள். பிறகு ஸ்பனரால் முழுதாக இறுக்கிவிட்டு மறுபடி சுழற்றுங்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரிச் சுற்ற வேண்டும். இறுக்கிய பிறகு கனத்துப்போய்ச் சீக்கிரம் நின்றால் உள்ளே குழாய் சரியில்லை. அந்தச் சில்லை ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது.

வெட்டிய ஆமைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. ஆமின் உள் அகலம் முன்பு 120 என்கிறீர்கள், அதாவது நடுவிலிருந்து பக்கத்துக்கு 60. 10 மில்லிமீற்றர் வலம் தள்ளிய 140 டயரின் வலது விளிம்பு 80-இல் நிற்கும். அப்படியானால் அந்தக் குழாயில் 20 மில்லிமீற்றருக்கு மேல் தோண்டியிருக்கிறார்கள். குழாயின் பெரும் பங்கு போய்விட்டது. உள்ளே வைத்த தகடு ஓட்டையை மூடும், பலத்தைத் திருப்பித் தராது. வெல்டிங் ஓரத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். அந்த ஆம் இனிப் பழைய இரும்புக்குத்தான். கல்முனை, காத்தான்குடிப் பக்கம் பழைய உதிரிப்பாகக் கடைகளில் சிடி 125 ஆம் தேடுங்கள், இல்லாவிட்டால் கொழும்பில் பஞ்சிகாவத்தையில் சொல்லி எடுப்பியுங்கள். வாங்கும்போது அக்சில் போகும் இரண்டு துளைகளிலும் நேரான கம்பி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். முறுகிய ஆம் அங்கேயே காட்டிக்கொடுக்கும்.

சரி, அப்படியானால் உங்கள் பைக்குக்கு என்ன டயர் போகும்? அதே கணக்கைத் திருப்பிப் போடுவோம். செயின் உள்விளிம்பு 56. டயருக்கும் செயினுக்கும் நடுவே 6 மில்லிமீற்றராவது விட வேண்டும், டயர் ஓட்டத்தில் கொஞ்சம் பருக்கும், மண்ணும் ஒட்டும். மிச்சம் 50. இரண்டு பக்கமும் சேர்த்தால் 100. ஆமின் 120 உள் அகலத்துக்குள்ளும் பக்கத்துக்கு 10 மில்லிமீற்றர் விட்டு அது போகும். ஆக 100/90-17 உங்கள் பைக்கின் எல்லை. இது என் கருத்து இல்லை, உங்கள் அளவுகோல் சொன்னது.

‘100-தானா?’ என்று முகம் சுருங்கும் என்று தெரியும். கொஞ்சம் பொறுங்கள். 140/60 டயரின் உயரம் அகலத்தில் 60 வீதம், அதாவது 84 மில்லிமீற்றர். 100/90 டயரின் உயரம் 90 மில்லிமீற்றர். பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு 100/90 தான் கொழுத்துத் தெரியும். பொபர் பைக்கின் அழகே அந்த உருண்ட பக்கச்சுவர்தான். தட்டையான அகல டயர் புது மாதிரி வண்டிகளுக்குப் பொருந்தும், ஒல்லியான பழைய சட்டகத்தில் போட்டால் பின்னால் வருகிறவருக்கு மட்டுந்தான் அழகு. கட்டை கட்டையாகப் பள்ளம் வெட்டிய டயர் ஒன்றை 100/90-இல் எடுத்துப் போடுங்கள், நான் சொல்வது விளங்கும். ஒன்று மட்டும், கட்டை டயர்கள் சில எழுதிய அளவைவிட அகலமாக வரும். காற்றடித்த பிறகு அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதற்கு உங்கள் பழைய ஹப் போதும். அதைத்தான் நான் விரும்புவேன். ஹப் உங்களுடையதாக இருந்தால் அக்சில், பெயாரிங், டிரம் பிரேக், டோர்க் ரொட், ஸ்பிரொக்கட் வரிசை எல்லாம் ஹொண்டா வைத்த இடத்திலேயே நிற்கும். மாறுவது ரிம்மும் ஸ்போக் கம்பியும் மட்டும். பழைய ரிம்மில் 1.60 என்று அடித்திருந்தால் அது 100 டயருக்கு ஒடுக்கம். 17 அங்குலத்தில் 2.15 அகல ரிம் எடுங்கள். வாங்க முன் உங்கள் ஹப்பில் எத்தனை கம்பித் துளை என்று எண்ணுங்கள். 36 துளை ஹப்புக்கு 36 துளை ரிம்தான்.

பழைய சில்லைக் குலைக்க முன் ஒரு வேலை இருக்கிறது, இதை மறந்தால் பிறகு அழ வேண்டி வரும். சில்லைத் தரையில் கிடத்தி, ஹப்பில் ஸ்பிரொக்கட் பக்க முகத்தின் மேல் ஒரு நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, அதிலிருந்து ரிம்மின் விளிம்புக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதி வையுங்கள். ரிம் ஹப்பின் நேர் நடுவில் நிற்கும் என்று நினைக்காதீர்கள், ஒரு பக்கம் தள்ளித்தான் பெரும்பாலும் நிற்கும். புது ரிம் 0.55 அங்குலம் கூட, அதாவது 14 மில்லிமீற்றர். பக்கத்துக்கு 7. ஆகவே புது ரிம்மின் விளிம்பு பழைய இடத்திலிருந்து 7 மில்லிமீற்றர் சட்டத்துக்குக் கிட்ட வர வேண்டும். கம்பி பின்னுகிறவரிடம் இந்த எண்ணைக் கையில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர் ரிம்மைத் தன் கண்ணுக்கு நடுவாக நிறுத்துவார், நீங்கள் மறுபடி இழுவையோடு வருவீர்கள். பின்னி முடிந்ததும் ரிம்மின் ஆட்டம், பக்கவாட்டிலும் மேல்கீழாகவும், 2 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. நல்ல கைகள் 1-க்குள் கொண்டுவரும். ரிம் அகலம் மாறுவதால் பழைய கம்பி நீளம் சரிவருமா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும். கம்பி, நுனியில் அதை இறுக்கும் நட்டான நிப்பிளைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் டியூப்பைக் குத்தும்.

நீங்கள் இருப்பது கடற்கரை. உப்புக்காற்றில் குரோம் பூசிய இரும்பு ரிம் நிப்பிள் துளைகளிலிருந்து உள்ளே துருப்பிடித்து வரும். வெளியே மினுங்கிக்கொண்டிருக்கும், டயரைக் கழற்றினால் உள்ளே செதில் செதிலாக உதிரும். கையில் காசு இருந்தால் அலுமினிய ரிம் எடுங்கள். அதற்கும் நிப்பிள் உட்காரும் இடத்தில் கிரீஸ் தொட்டுப் பின்னச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு மாரி போவதற்குள் இறுகிப் பிடித்துவிடும். உள்ளே ரப்பர் ரிம் நாடா கட்டாயம். கம்பிச் சில்லுக்கு டியூப் போட்டே ஆக வேண்டும், டயரில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், 3219 என்றால் 2019-ஆம் ஆண்டு 32-ஆவது வாரம் செய்தது. கடையில் கிடந்து காய்ந்த டயரை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

பழைய 3.00-17 டயரின் விட்டம் ஏறத்தாழ 590 மில்லிமீற்றர். 100/90-17 ஏறத்தாழ 612. கிட்டத்தட்ட 4 வீதம் பெரிது. இதனால் கியர் கொஞ்சம் நீளும், டொப் கியரில் இழுவை குறைந்த மாதிரி இருக்கும். பின் ஸ்பிரொக்கட்டில் ஒன்றோ இரண்டோ பல் கூட்டினால் பழைய நிலைக்கு வரும். ஸ்பீடோ மீற்றர் கேபிள் முன் சில்லிலிருந்து வந்தால் அது காட்டுவதில் மாற்றமில்லை. சில்லின் ஆரம் 11 மில்லிமீற்றர் கூடுவதால் ஆமின் குறுக்குக் குழாய்க்கும் வெட்டிய மட்காட்டுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மட்காட்டை ஆள் ஏறிய நிலையில் பார்க்க வேண்டும், வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது பார்த்துப் பயனில்லை.

பூட்டிய பிறகு நேர் பார்க்க ஆமில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாதீர்கள், பழைய வண்டிகளில் அவை இரண்டு பக்கமும் ஒத்து வருவதில்லை. மீன்பிடிக்கிற தங்கூசி ஒரு துண்டு எடுங்கள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, தங்கூசியைப் பின் டயரின் பின்பக்கத்தால் சுற்றி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், இரண்டு நுனியையும் முன் சில்லைத் தாண்டி இழுத்து இரண்டு கல்லில் கட்டுங்கள். ஸ்டாண்ட் குறுக்கிட்டால் உயரத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தங்கூசி பின் டயரின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் மெல்லத் தொடும்வரை கற்களை நகர்த்துங்கள். ஹாண்டிலை நேராக வையுங்கள். முன் டயர் ஒல்லி, ஆகவே அதன் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். அந்த இடைவெளி இரண்டும் சமமாக இருந்தால் சில்லு நேர். முன் டயரின் ஒரே பக்கத்தில் முன்விளிம்பில் ஒரு அளவும் பின்விளிம்பில் வேறு அளவும் வந்தால் ஹாண்டில் நேரில்லை, அதை முதலில் திருத்துங்கள். அதன் பிறகும் வலத்துக்கும் இடத்துக்கும் வித்தியாசம் இருந்தால், பின் சில்லு கோணலா, அல்லது நேராக நின்றும் ஒரு பக்கம் தள்ளியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செயின் இறுக்கும் நட்டால் கோணலைத்தான் திருத்தலாம். தள்ளியிருப்பதற்கு அக்சிலில் சில்லின் இரு பக்கமும் வரும் ஸ்பேசரைத்தான் பார்க்க வேண்டும்.

அலோய் சில்லை என்ன செய்வது? விற்றுவிடுங்கள். டயரும் டிஸ்க்கும் நல்ல நிலையில் இருந்தால் அந்த மொடல் பைக் வைத்திருப்பவர் யாராவது எடுப்பார். ‘அதே பைக்கின் ஆமையும் சேர்த்து வாங்கிப் பூட்டினால் என்ன?’ என்று அடுத்த கடிதம் வரும் என்று எதிர்பார்க்கிறேன். பிரேக் பிரச்சினை அதில் தீரும், ஆமின் அகலப் பிரச்சினையும் தீரும். செயின் 65-இல் ஓடுவது தீராது. முன் ஸ்பிரொக்கட்டை வெளியே தள்ளிக் கடையலாம் என்று லேத்காரர் சொல்வார். அந்தச் சின்னத் தண்டில் ஸ்பிரொக்கட்டை 14, 20 மில்லிமீற்றர் வெளியே தூக்கிவைத்தால் இன்ஜினுக்குள் இருக்கும் பெயாரிங்தான் அந்த இழுவையைச் சுமக்கும். எண்ணெய் சீலும் போகும். 125 இன்ஜினுக்கு அந்தத் தண்டனை வேண்டாம்.

பொலிஸ் விஷயம். பதிவுப் புத்தகத்தில் உள்ள விபரத்திலிருந்து வண்டி மாறினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளருக்கு உண்டு. டயர் ஓர் அளவு கூடியதற்காக யாரும் உங்களை மறிக்கப்போவதில்லை. வெட்டி ஒட்டிய ஆம், வெட்டிக் குறைத்த மட்காட், இல்லாத செயின் கவர் என்பவை வேறு. மட்காட்டையும் எவ்வளவு வெட்டினீர்கள் என்று படத்தில் பார்த்தேன், மாரிக்கு முன்னராவது கொஞ்சம் நீட்டிவிடுங்கள், பின்னால் வருகிற ஆட்களும் பாவம். இன்ஷூரன்ஸ்காரருக்கும் மாற்றத்தைச் சொல்லி வையுங்கள். விபத்து நடந்த பிறகு வண்டியைப் பார்க்க வருகிறவர் முதலில் பார்ப்பது வெல்டிங் அடையாளத்தைத்தான்.

ரிம் பின்னி வந்ததும் முதல் ஓட்டத்தைப் பொத்துவில் வீதியில் வைக்காதீர்கள். ஊருக்குள் ஆளில்லாத வீதியில் 30-இல், பிறகு 40-இல் ஓடி, நின்று ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். டிரம் பக்கம் பிரேக்கினால் கொஞ்சம் சுடும், மற்றப் பக்கம் சுடக் கூடாது. ஐம்பது கிலோமீற்றர் ஓடிய பிறகு கம்பிகளை ஸ்பனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். புதிதாகப் பின்னிய சில்லில் இரண்டு மூன்று தளர்ந்திருக்கும், அவை ‘டொக்’ என்று மந்தமாகச் சொல்லும். அவற்றை நீங்களே இறுக்கப் போகாமல் பின்னியவரிடமே கொண்டு போங்கள்.